நாடகம்தானே?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நடந்தது. எனக்கே நடந்தது. யாரோ சொல்லக் கேட்டு அதற்குக் கண்ணும் மூக்கும் வைத்து எழுதுகிற வித்தை எனக்குத் தெரியாது. நம்புகிறவர்கள் நம்பலாம். நம்பாதவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு, தனியாக உட்கார்ந்து படியுங்கள். அப்புறம் பேசலாம்.

வருஷம் 1954. ஐப்பசி மாதம், ஒரு புதன்கிழமை. இடம், திருவனந்தபுரம் கோட்டைக்குள் ஓர் அக்ரகாரம். எந்தத் தெரு என்று சொல்ல மாட்டேன். அந்த வீட்டில் இப்போதும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். அவர்கள் தூக்கத்தைக் கெடுத்த பாவம் எனக்கு வேண்டாம். நாடகம் போட்ட ரேடியோ நிலையத்தின் பெயரையும் சொல்ல மாட்டேன். சொன்னால் தேதியைச் சரிபார்க்கக் கிளம்பிவிடுவீர்கள். உங்களை எனக்குத் தெரியாதா?

அப்போது எனக்கு வயது பத்தொன்பது. பெயர் அனந்தலக்ஷ்மி. கல்லிடைக்குறிச்சியிலிருந்து கல்யாணமாகி வந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது. வீட்டில் மூன்றே பேர். என் கணவர் ஸ்ரீகண்டன், செக்ரட்டேரியட்டில் குமாஸ்தா. மாமியார் சிவகாமியம்மாள். அப்புறம் நான். நாலாவதாக ஓர் ஆள் உண்டு என்று நான் வேடிக்கையாகச் சொல்வேன். ரேடியோவைத்தான் சொன்னேன்.

பெரிய வால்வ் செட். கூடத்தில் ஒரு பலகைமேல் இருந்தது. போட்டவுடன் பாடாது. முதலில் டயலில் மஞ்சள் வெளிச்சம் வரும். பிறகு 'ம்ம்ம்' என்று ஓர் உறுமல். அரை நிமிஷம் கழித்துத்தான் குரல் வரும். அந்த அரை நிமிஷமும் டயலையே பார்த்துக்கொண்டு நிற்பேன். அவ்வளவு பைத்தியம். கச்சேரி, பிரசங்கமெல்லாம் மற்றவர்களுக்கு. எனக்கு வேண்டியது மர்ம நாடகம். கொலை, புதையல், கப்பலில் தப்பிய கொள்ளைக்காரன், சாவித் துவாரத்தில் தெரியும் கண்... இவை இல்லாமல் எனக்குச் சாதம் இறங்காது.

அந்த வருஷம் ஒவ்வொரு புதன்கிழமையும் இரவு எட்டு மணிக்கு ஒரு தொடர் நாடகம் வந்தது. பெயர் 'பதின்மூன்றாம் சாவி'. ஒரு தேயிலை எஸ்டேட் பங்களா, அதில் பூட்டிக் கிடக்கும் பதின்மூன்று அறைகள். வாரத்துக்கு ஓர் அறை திறக்கும். கடைசி அறைக்குள் யார் அடைந்து கிடக்கிறார்கள் என்பதுதான் மர்மம். பன்னிரண்டு வாரம் விடாமல் கேட்டேன். இடிக்குத் தகரத் தகட்டை ஆட்டுகிறார்கள், குதிரைக்குத் தேங்காய்ச் சிரட்டையைத் தட்டுகிறார்கள் என்று என் கணவர் சொல்லிக் கொடுத்திருந்தார். தெரிந்தும் பயமாகத்தான் இருந்தது. அதில்தானே சுகம்.

என் மாமியாருக்கு மட்டும் நாடகம் ஒத்துக்கொள்ளாது. ஜபமாலையுடன் கூடத்தில்தான் உட்கார்ந்திருப்பார். ரேடியோவில் ஒரு பெண் கத்தினால் போதும், மாலை நின்றுவிடும்.

"நாடகம்தானே?" என்று கேட்பார்.

ஆமாம் என்போம். அப்படியும் மனசு கேட்காமல் எழுந்து பின்கட்டு வரை போய்ப் பார்த்துவிட்டு வருவார். ஒவ்வொரு தடவையும் இதே கதை. ஒருநாள் நான் அவரைப் போலவே கேட்டு, அவரைப் போலவே நடந்து காட்டி, என் கணவரைச் சிரிக்க வைக்கப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. அம்மாவைக் கேலி பண்ணாதே என்று மட்டும் சொன்னார். சரிதான், அம்மா பிள்ளை என்று விட்டுவிட்டேன்.

இனி அந்தப் பின்கட்டைச் சொல்ல வேண்டும்.

எங்கள் வீடு ரயில் பெட்டி மாதிரி நீளம். முன்னால் கூடம், பிறகு இரண்டு உள் அறை, சமையல் உள், ஒரு நீண்ட நடை. நடையின் கோடியில் ஒரு சின்ன அறை. மாதத்தில் மூன்று நாள் நாங்கள் விலகி இருக்கும் அறை அது. 'தூரம்' என்போம். அந்த மூன்று நாளும் யாரையும் எதையும் தொடக்கூடாது. சாப்பாடு வாசற்படியில் வரும். நாலாம் நாள் காலையில் தலைக்குக் குளித்துவிட்டு உள்ளே போகலாம். அறைக்கு இரண்டு கதவுகள். ஒன்று நடைக்கு. அதற்குத் தாழ்ப்பாள் நடைப் பக்கத்தில்தான். இன்னொன்று கிணற்றடிக்கு. கிணற்றடியைச் சுற்றி ஆள் உயரத்துக்கு மேல் மதில்.

அறைக்கென்று சில சாமான்கள் உண்டு. ஒரு பாய், மரத் தலையணை, கூஜா, வெண்கல டம்ளர், ரேடியம் முள் வைத்த டைம்பீஸ், சிம்னி விளக்கு. டம்ளரில் 'சீதா' என்று பெயர் வெட்டியிருக்கும். அது என் கணவரின் அண்ணா நாகேஸ்வரனின் முதல் மனைவி சீதாலக்ஷ்மியுடைய டம்ளர். நான் அவரைப் பார்த்ததில்லை. நாலு வருஷத்துக்கு முன் ஜுரத்தில் போய்விட்டார் என்று கேள்வி. அண்ணா இப்போது பம்பாயில் வேறு கல்யாணம் செய்துகொண்டு இருக்கிறார்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. எனக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு உண்டு. மழைக்காலம் வந்தால் மார்பு கட்டிக்கொள்ளும். அதற்கு ஒரு பொடி. ஒரு சிட்டிகை எடுத்துத் தட்டில் பற்ற வைத்து, அந்தப் புகையை இழுத்தால் கால் மணியில் சரியாகும். இழுக்காவிட்டால் என்ன ஆகும் என்று வீட்டில் யாரும் பேசமாட்டார்கள். தூரமானால் நான் முதலில் எடுப்பது அந்தப் பொடி டப்பாவைத்தான்.

அந்த மாதம் எடுக்கவில்லை. மறந்துபோனேன். ஏனென்றால், நாடகத்தின் கடைசி வாரம், பதின்மூன்றாம் அறை திறக்கப் போகிற புதன்கிழமை, என் இரண்டாம் நாளில் வந்து விழுந்தது. என் துக்கம் எனக்கு.

போன மாதம் இப்படித்தான் ஒரு புதன் வந்தபோது, நான் திருட்டுத்தனமாகக் கூடத்துக்கு வந்து ரேடியோ பக்கத்தில் நின்று கேட்டு, மாமியாரிடம் கையும் களவுமாக அகப்பட்டேன். கூடம் முழுக்கக் கழுவ வேண்டியதாயிற்று. அதனால் இந்தத் தடவை என் கணவரே ஒரு வழி கண்டுபிடித்தார். எங்கிருந்தோ ஒரு தனி ஸ்பீக்கர் கொண்டுவந்தார். ரேடியோவின் பின்னாலிருந்து நடை நெடுக ஒயர் இழுத்து, கதவுக்கு மேலே இருந்த இடுக்கு வழியாக விட்டு, என் அறைச் சுவரில் ஸ்பீக்கரைத் தொங்கவிட்டார். ஒரே நிபந்தனை. நான் அதைத் தொடக்கூடாது. தொட்டால் தீட்டு. தண்ணீர் தெளித்துச் சுத்தம் பண்ணினால் ஸ்பீக்கர் போயிற்று.

சந்தோஷத்தில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அன்று கரமனையில் உறவுக்காரர் வீட்டில் ஜானவாசம், மாப்பிள்ளை ஊர்வலம். மறுநாள் கல்யாணம். மாமியார் மத்தியானமே போய்விட்டார். என் கணவர் ஆறே முக்காலுக்குக் கிளம்பினார். ரேடியோவைப் போட்டு, நிலையத்தைச் சரியாக வைத்து, நடை விளக்கையும் எரியவிட்டு, வாசலைப் பூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. போகும் முன் நடைக் கதவைச் சாத்தினார். 'கிரீச்... டக்.' தாழ்ப்பாள் சத்தம்.

அம்மா ஒருநாளும் தாழ்ப்பாள் போடமாட்டாரே, நீங்கள் ஏன் போடுகிறீர்கள் என்று கேட்டேன். அது நிஜம். மாமியார் அந்தக் கதவை வெறுமனே ஒருக்களித்துத்தான் வைப்பார். போன வாரம் பக்கத்துத் தெருவில் மதிலேறிக் குதித்துத் திருடிவிட்டார்கள், வீடு முழுக்கக் காலியாக இருக்கிறது, பத்து மணிக்குள் வந்துவிடுகிறோம் என்றார். நானும் சரி என்றேன். நாடகம் கிடைத்தால் போதும் எனக்கு. தாழ்ப்பாள் ஒரு பெரிய விஷயமா?

ஏழு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. துலாவர்ஷம் என்கிற ஐப்பசி மழை. கோட்டைக்குள் விழுந்தால் ஓட்டை உடைக்கிற மாதிரி விழும். கிணற்றடிக் கதவைச் சாத்தி, சிம்னியை ஏற்றி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். கோவில் எதிரே இருக்கிற மேத்தன் மணிக்கூண்டு எட்டு அடித்தது மழைக்குள் மங்கலாகக் கேட்டது. ஸ்பீக்கரில் வயலின். அறிவிப்பு. 'பதின்மூன்றாம் சாவி, இறுதிப் பகுதி.'

ஆகா.

பங்களாவில் புயல். துப்பறிகிறவர் கையில் சாவியுடன் படியேறுகிறார். பங்களாக்காரரின் சிற்றப்பா வழியை மறிக்கிறார். தகரத் தகடு இடிக்கிறது. மேலே உண்மையான இடியும் இடிக்கிறது. எனக்குப் புல்லரித்துவிட்டது. முழங்காலைக் கட்டிக்கொண்டு கேட்டேன்.

8.11. டைம்பீஸைப் பார்த்தேன், அதனால் தெரியும். பூட்டிய அறைக்குள்ளிருந்து ஒரு பெண் குரல்.

"யாராவது இருக்கேளா?"

எனக்கு முதலில் ஒன்றும் தோன்றவில்லை. யார் இந்த நடிகை, பிரமாதமாக நடிக்கிறாளே என்றுதான் நினைத்தேன். தொண்டை வறண்ட குரல். அப்புறம்தான் உறைத்தது. நாடகத்தில் எல்லோரும் புத்தகத் தமிழ் பேசுகிறவர்கள். 'யாராவது இருக்கிறீர்களா' என்றுதானே கேட்க வேண்டும்? இவள் எங்கள் தெரு ஆட்கள் மாதிரிப் பேசுகிறாள்.

புதுமைக்காகச் செய்திருப்பார்கள் என்று நானே சமாதானம் செய்துகொண்டேன்.

8.15. மறுபடியும் அதே குரல்.

"மூணு நாள் ஆயாச்சா?"

அதற்கு நாடகத்தில் யாரும் பதில் சொல்லவில்லை. துப்பறிகிறவர் தன்பாட்டுக்குச் சிற்றப்பாவுடன் பேசிக்கொண்டிருந்தார். அந்தக் குரல் அவர் காதில் விழாத மாதிரி. அவர்கள் பேச்சுக்கு அடியில், அது தனியாக வந்தது.

"மூணு நாள் ஆயாச்சா... சொல்லுங்கோ..."

கூடவே ஒரு சத்தம். 'கீக்... கீக்...' கிணற்று ராட்டினம். எனக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும். எங்கள் வீட்டு ராட்டினம் இரண்டு கீக்குக்கு ஒரு தடவை நின்று நின்று சுற்றும். ஸ்பீக்கரில் கேட்டதும் அப்படித்தான்.

கிணற்றடியில் கேட்கவில்லை. ஸ்பீக்கரில் கேட்டது.

8.22. நடைக் கதவின் அடியில் ஒரு வெளிச்சக் கோடு இருக்கும். நடை பல்பின் வெளிச்சம். அந்தக் கோடு சட்டென்று மறைந்தது. கரண்ட் போய்விட்டது. போச்சு, நாடகமும் போச்சு என்று வயிற்றெரிச்சலாக இருந்தது எனக்கு.

துப்பறிகிறவர் குரல் தேய்ந்தது. சிற்றப்பா குரல் தேய்ந்தது. வயலின் நின்றது.

"ரொம்ப தாகமா இருக்கு..."

அவள் குரல் மட்டும் நிற்கவில்லை.

வால்வ் செட். ஆறுவதற்குக் கொஞ்ச நேரம் ஆகும். அதுவரை இழுத்துக்கொண்டிருக்கும். இப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பத்து எண்ணினேன். இருபது எண்ணினேன். அறுபது வரை எண்ணினேன்.

"தண்ணி... ஒரு வாய் தண்ணி..."

எழுந்துவிட்டேன். கிணற்றடிக் கதவுக்குப் போனேன். நனைந்தாலும் பரவாயில்லை, வெளியே நிற்கலாம் என்று. தாழ்ப்பாளை எடுத்து இழுத்தேன். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தேன். மழையில் மரம் ஊதி நிலையோடு கடித்துக்கொண்டிருந்தது. காலை உதைத்து இழுத்தேன். கைப்பிடி வளையம் கையோடு வந்தது.

நடைக் கதவைத் தள்ளினேன். அந்தப் பக்கம் தாழ்ப்பாள்.

8.29.

மார்பில் முதல் இறுக்கம் வந்தது. எனக்குத் தெரிந்த இறுக்கம். அப்போதுதான் பொடி டப்பா ஞாபகம் வந்தது. கூடத்து அலமாரியில் இருந்தது, மூன்றாம் தட்டில். நடுவில் ஒரு கதவு. ஒரே ஒரு தாழ்ப்பாள். பத்து மணிக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம்.

கத்தினேன். பக்கத்து வீடு வெங்கடகிருஷ்ணன் மாமாவுடையது. ஒரே சுவர். எங்கள் கிணற்றடியைப் பார்த்து அவர்களுக்கு ஒரு ஜன்னல் உண்டு. மாமா, மாமி, கதவைத் திறங்கோ, மூச்சு விட முடியவில்லை என்று கத்தினேன். சுவரில் கூஜா மூடியால் தட்டினேன்.

ஜன்னல் சத்தம் கேட்டது. அப்பாடா என்று இருந்தது.

அது திறக்கிற சத்தம் இல்லை. சாத்துகிற சத்தம்.

8.36. சிம்னி கரி பிடித்துக் கண்ணைக் கரித்தது. அந்தப் புகை எனக்கு விஷம். ஊதி அணைத்தேன். அணைத்த பிறகுதான் செய்த முட்டாள்தனம் புரிந்தது.

இருட்டு. பச்சையாக இரண்டு ரேடியம் முள் மட்டும்.

என் மூச்சு விசில் அடிக்கத் தொடங்கியது. 'ஈ...ஈ...' என்று. உட்கார்ந்தேன். முட்டியில் கையை ஊன்றிக் குனிந்துகொண்டேன். இனிமேல் கத்த முடியாது. கத்தக் காற்று இல்லை.

"யாராவது இருக்கேளா?"

ஸ்பீக்கர் என் தலைக்கு மேலே, இடது பக்கம்.

குரல் அங்கிருந்து வரவில்லை.

வலது பக்க மூலையிலிருந்து வந்தது. தரையிலிருந்து. படுத்துக்கொண்டு பேசுகிற குரல்.

8.41.

பயம் என்றால் என்னவென்று அதுவரை எனக்குத் தெரியாது. ரேடியோ பயமெல்லாம் பயமே இல்லை. நான் அழுதேன். அழுதால் மூச்சு இன்னும் அடைத்தது.

"தண்ணி தாங்கோ... நான் எதையும் தொடமாட்டேன்... எட்ட நின்னு விடுங்கோ போறும்..."

அந்த வார்த்தையில் எனக்கு என்னவோ ஆயிற்று. பயம் இருந்தது. அதற்கு நடுவே பரிதாபமும் வந்தது. எட்ட நின்று விடுங்கள் என்று இந்த அறையில் இருக்கிறவள்தான் கேட்பாள். அந்த மூன்று நாளும் எனக்கும் அப்படித்தான் விடுவார்கள். செத்துப்போகிறவள் கூட இப்படியா கேட்க வேண்டும்?

கூஜாவைத் தடவி எடுத்தேன். டம்ளரில் ஊற்றினேன். இருட்டில் பாதி கீழே போயிற்று. மீதியை அந்த மூலை பக்கமாகத் தரையோடு நகர்த்தினேன். இருந்த மூச்சையெல்லாம் திரட்டிச் சொன்னேன்.

"நானும் தூரம்தான். தீட்டில்லே. எடுத்துக்கோங்கோ."

சத்தமில்லை.

மழை மட்டும்.

டம்ளர் தரையில் உரசியது... மெதுவாக.

பிறகு... 'மடக்... மடக்... மடக்...'

அண்ணாந்து குடிக்கிற சத்தம்.

'ணங்.'

டம்ளரைக் கவிழ்த்து வைக்கிற சத்தம்.

என் கன்னத்தில் ஈரப் புடவை ஒன்று பட்டுப் போனது. குளிர்ச்சி.

'கிரீச்...'

நடைக் கதவுத் தாழ்ப்பாள். அந்தப் பக்கம்.

'டக்.'

8.52.

கதவு தானாக ஒருக்களித்துத் திறந்தது.

நான் நடக்கவில்லை. தவழ்ந்தேன். நடை, சமையல் உள், இரண்டு உள், கூடம். கையில் பட்டதையெல்லாம் தொட்டேன். மடியாவது, தீட்டாவது. அலமாரி, மூன்றாம் தட்டு, டப்பா. தீப்பெட்டி நாலாவது குச்சியில்தான் பற்றியது. தட்டில் பொடி புகைந்தது. முகத்தைப் புகைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கொஞ்சம் கொஞ்சமாக உயிர் திரும்பி வந்தது.

கூடத்தில் ரேடியோ செத்துக் கிடந்தது. டயல் இருட்டு. வாசற்கதவு வெளியே பூட்டியபடி இருந்தது. வீட்டில் யாரும் இல்லை.

ஒன்பதே காலுக்கு வாசலில் சாவி சத்தம். முதலில் உள்ளே ஓடி வந்தது மாமியார். தலையிலிருந்து மழை சொட்டியது. பின்னால் என் கணவர், முகம் வெளுத்து. பிறகு அவர் சொன்னார். ஜானவாசப் பந்தலில் பேச்சோடு பேச்சாகத் தாழ்ப்பாள் போட்ட விஷயத்தை அம்மாவிடம் சொன்னாராம். அந்த நிமிஷமே, ஊர்வலம் கிளம்பும் முன், அம்மா மழையில் இறங்கி நடக்க ஆரம்பித்துவிட்டாராம்.

மாமியார் டார்ச் வெளிச்சத்தில் என்னைப் பார்த்தார். தட்டுப் புகையைப் பார்த்தார். கூடத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன், இரண்டாம் நாள். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து என்னை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார்.

"யார் திறந்தா?" என்று கேட்டார்.

எனக்குப் பேச மூச்சு இல்லை. பின்கட்டைக் காட்டினேன். அவர் டார்ச்சை வாங்கிக்கொண்டு தனியாகப் போனார். திரும்பி வந்தபோது கையில் சீதா டம்ளர் இருந்தது. மூலையில் கவிழ்த்து வைத்திருந்தது என்றார். அன்று இரவும் மறுநாளும் நான் கூடத்திலேயே படுத்தேன். அந்தத் தெருவில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குச் சொன்னால் புரியாது.

மறுநாள் காலை கிணற்றடியைப் பார்த்த ஜன்னலில் வெங்கடகிருஷ்ணன் மாமி தலை தெரிந்தது. நேற்று நாடகம் ஜோராக இருந்ததா என்று கேட்டாள். தங்கள் வீடு வரை கேட்டதாம். சாரல் அடிக்கிறது என்று ஜன்னலைச் சாத்தாமல் இருந்திருந்தால் முழுக்கக் கேட்டிருப்பாளாம்.

"அந்த ரெண்டு பொம்மனாட்டிகளும் என்னமா நடிச்சா, கேட்டியா" என்றாள்.

நேற்று எட்டு இருபத்திரண்டிலிருந்து தெரு முழுக்கக் கரண்டே இல்லையே மாமி, எந்த ரேடியோவில் கேட்டீர்கள் என்றேன். மாமி ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நாலாம் நாள் தலைக்குக் குளித்துவிட்டு வந்தேன். மாமியார் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். ரேடியோமேல் துணி போர்த்தியிருந்தது. என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். அன்று நான் அறையில் என்ன பேசினேன், ஒரு வார்த்தை விடாமல் சொல் என்றார். சொன்னேன். 'நானும் தூரம்தான். தீட்டில்லே. எடுத்துக்கோங்கோ.'

அவர் கையிலிருந்த ஜபமாலை நழுவி மடியில் விழுந்தது. அதை எடுக்காமலே சொன்னார்.

1950-ம் வருஷம், இதே ஐப்பசி. சீதாவுக்கு இரண்டாம் நாள். நல்ல ஜுரம். ஜுர வேகத்தில் அறையை விட்டு எழுந்து எழுந்து வந்தாள். கிணற்றடிக் கதவு மழையில் ஊதி இறுகியிருந்தது. அன்று நடைத் தாழ்ப்பாள் போட்டது மாமியார்தான். ஜுரத்துக்குத் தண்ணீர் ஆகாது என்று கூஜாவை எடுத்து நடையில் வைத்ததும் அவர்தான். நாலாம் நாள் குளித்த பிறகு வைத்தியரை அழைக்கலாம் என்று இருந்தார்கள். எட்டு மணிக்குக் கூடத்தில் ரேடியோ. ஏதோ ஒரு மர்ம நாடகம். டயல் பக்கத்தில் என் கணவர், பக்கத்தில் மாமியார். ஒரு பெண் தண்ணீர் கேட்டு அழுகிற குரல் கேட்டது. மாமியாருக்கு மனசில் உறுத்தியது. எழுந்திருக்கப் போனார். அதற்குள் இன்னொரு பெண் பதில் சொல்கிற குரல் கேட்டது. நாடகம்தானே என்று மகனைக் கேட்டார். ஆமாம்மா, நாடகம்தான் என்றார் என் கணவர்.

காலையில் கதவைத் திறந்தபோது சீதா உடம்பு ஆறியிருந்தது. பக்கத்தில் டம்ளர் கவிழ்த்து வைத்திருந்தது. கூஜா நடையில் வைத்தது வைத்தபடி இருந்தது. ஆனால் டம்ளர் உள்ளே ஈரம்.

அந்த இரண்டாவது குரல் என்ன சொன்னது என்று நான் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம். மாமியார் சொன்னார். மூன்று வாக்கியம். நான் இருட்டில் சொன்ன அதே மூன்று வாக்கியம்.

1950 ஐப்பசியில் எனக்கு வயது பதினைந்து. கல்லிடைக்குறிச்சியில் பாவாடை கட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போய்க்கொண்டிருந்தேன். திருவனந்தபுரம் எந்தத் திசையில் இருக்கிறது என்று கூட எனக்குத் தெரியாது.

மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார். என்னைக் குற்றம் சொல்லவில்லை. அழக்கூட இல்லை. சாதாரணமாகத்தான் சொன்னார்.

"அவ ஒருத்தி குரல் மட்டும் கேட்டிருந்தா, நான் எழுந்து போயிருப்பேன்டி அனந்தம். நீ பதில் சொன்னே. ரெண்டு பேர் பேசறாளே, அப்போ நாடகம்தானேன்னு உட்கார்ந்துட்டேன்."